ஹெச்.எம். எந்த வரிசையில் உட்காருகிறார்?

*தலைமையாசிரியர், விழுப்புரம்*
கே: என் பள்ளி ஆசிரியர்கள் வளர நான் செய்யவேண்டிய ஒரே ஒரு காரியம் சொல்லுங்கள்.

ப: அவர்களோடு போய் உட்காருங்கள்.

நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் கூட்டாளிகளும் பள்ளித் தலைமை பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2008-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். இலக்கு வைப்பது, வளங்களைச் சரியாக ஒதுக்குவது, கற்பித்தலை மேற்பார்ப்பது, ஒழுங்கு காப்பது எல்லாவற்றையும் தாண்டி முதலிடம் பிடித்தது ஒன்று: ஆசிரியர்கள் கற்பதை ஊக்குவித்து, தானும் கூட இருந்து கற்பது.

குத்துவிளக்கு ஏற்றிவிட்டு "நீங்க கன்டினியூ பண்ணுங்க" என்று அறைக்குத் திரும்பும் ஹெச்.எம். அந்த முதலிடத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்.

*பட்டதாரி ஆசிரியர், மன்னார்குடி*
கே: பயிற்சிமேல் பயிற்சி. திரும்பி வந்தால் வகுப்பில் ஒன்றும் மாறுவதில்லை. ஏன்?

ப: பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே நன்னூல் பாயிரத்தில் விடை எழுதிவிட்டார். ஆசான் சொன்னதைக் கருத்தூன்றிக் கேட்டாலும் தேறுவது கால் பங்கு. உடன் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால். மிச்சம் அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துச் சொல்லும்போதுதான் கைக்கு வரும்.

நாம் அந்த முதல் காலுக்குப் பேனர் கட்டி, மைக் வைத்து, டீ கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறோம். பாக்கி முக்கால் உங்கள் பள்ளியில் நடக்கவேண்டியது. அதற்குச் சுற்றறிக்கை வராது. ஹெச்.எம். மனசு வைக்கவேண்டும்.

*இடைநிலை ஆசிரியை, அரியலூர்*
கே: பயிற்சி முடிந்து வந்ததும் எங்கள் ஹெச்.எம். கேட்பது, "அட்டெண்டன்ஸ் சர்டிபிகேட் எங்கே?" வேறென்ன கேட்கவேண்டும்?

ப: "எந்த வகுப்புல செஞ்சு பார்க்கப் போறீங்க டீச்சர்? நானும் வரலாமா?"

சர்டிபிகேட் பீரோவுக்குப் போகும். இந்தக் கேள்வி வகுப்புக்குப் போகும்.

*தனியார் பள்ளி முதல்வர், கோவை*
கே: ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி கொடுத்தால் போதும்?

ப: 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்குக் குறைந்தது 50 மணி நேரம் என்கிறது. அந்தக் கொள்கையோடு தமிழ்நாட்டுக்கு வழக்கு உண்டு; இந்த எண்ணோடு யாருக்கும் வழக்கு வேண்டாம். பள்ளித் தலைவர்களுக்கும் 50 மணி என்று அதே ஆவணம் சொல்கிறது. அந்த வரியை முதல்வர்கள் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

சிங்கப்பூரில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம்வரை பயிற்சி பெற உரிமை உண்டு.

50-ஐப் பத்து மாதத்துக்கு வகுத்தால் மாதம் ஐந்து மணி, வாரம் ஒன்றேகால் மணி. வெளியிலிருந்து ஆள் பிடிக்கவேண்டாம். உங்கள் ஆசிரியர் கூட்டங்களில் சுற்றறிக்கை வாசிக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். பாதி அங்கேயே கிடைக்கும்.

*முதுகலை ஆசிரியை, திண்டுக்கல்*
கே: எங்கள் ஆசிரியர் கூட்டம் மாலை நாலேகாலுக்கு. ஹெச்.எம். பேசுவார், நாங்கள் தலையாட்டுவோம். இதை எப்படி மாற்றுவது?

ப: சுற்றறிக்கையை வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். மேஜையில் ஒரு பிள்ளையின் நோட்டைப் போடுங்கள்.

ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் இரண்டு பின்னங்களைக் கூட்டும்போது மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவைத்திருக்கிறார்கள். ஏன்? ஆறாம் வகுப்பு ஆசிரியர் ஒன்று சொல்வார், ஏழாம் வகுப்பு ஆசிரியர் மறுப்பார். எட்டாம் வகுப்பு ஆசிரியர் "என்கிட்ட வரும்போதும் இப்படித்தான் வர்றாங்க" என்பார். அரை மணி நேரம் காரசாரமாகப் போகும்.

'பணித்திறன் மேம்பாடு' என்று அரசாணையில் எழுதுகிறார்களே, அது இந்தச் சண்டைதான்.

*ஆசிரியர், தேனி*
கே: ஹெச்.எம். வகுப்பைப் பார்க்க வந்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

ப: உங்கள் கையை விடுங்கள். அவர் கையில் என்ன இருக்கிறது? குறை எழுதும் நோட்டு என்றால் நடுக்கம் நியாயமானது.

ஹெச்.எம். அவர்களே, முதல் நாளே போய் "எதைப் பார்க்கட்டும்?" என்று கேளுங்கள். "கடைசி பெஞ்சுல எத்தனை பேர் வாய் திறக்கிறாங்கன்னு எண்ணிச் சொல்லுங்க சார்" என்று ஆசிரியரே சொல்வார். கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்பவருக்கு அது தெரியாது; பின்னால் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியும். எண்ணுங்கள், சொல்லுங்கள், வந்துவிடுங்கள். மார்க் போடாதீர்கள்.

*அதே தேனி, அதே ஆசிரியர்*
கே: அப்படியானால் ஆய்வுக்கு வருவதற்கும் உதவ வருவதற்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

ப: போனபிறகு தெரியும். ஒருவர் போனதும் பெருமூச்சு விடுவீர்கள். இன்னொருவரிடம் "அடுத்த வாரமும் வாங்க சார்" என்பீர்கள்.

*ஓய்வுபெற்ற கல்வி அலுவலர், தஞ்சாவூர்*
கே: முதல் ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு ஆசிரியர் வளர்வதில்லை; அனுபவம் தேங்கிவிடுகிறது. ஒப்புக்கொள்கிறீர்களா?

ப: எந்தப் பள்ளியில் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் சார்லட்-மெக்லன்பர்க் மாவட்டப் பள்ளிகளை மேத்யூ கிராஃப்ட், ஜான் பேப்பே என்ற இருவர் அலசி 2014-ல் வெளியிட்டார்கள். சக ஆசிரியர் ஒத்துழைப்பு, தலைமையின் துணை, ஒழுங்கு ஆகியவை நன்றாக இருந்த பள்ளிகளின் ஆசிரியர்கள், அவை குறைவாக இருந்த பள்ளிகளின் ஆசிரியர்களைவிடப் பத்தாண்டு முடிவில் 38 சதவீதம் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள்.

இரண்டு பக்கமும் சர்வீஸ் ஒரே பத்து வருஷம்தான், ஐயா. தேங்கியது ஆசிரியரா, பள்ளியா?

*புதிதாகப் பணியில் சேர்ந்தவர், ராமநாதபுரம்*
கே: வந்த முதல் நாளே 9-ஆம் வகுப்பு 'ஈ' பிரிவு. வேறு யாரும் எடுக்க மாட்டேன் என்றார்களாம்.

ப: தமிழ்நாட்டின் எழுதப்படாத சீனியாரிட்டி விதி இது. நல்ல வகுப்பு மூத்தவருக்கு, முரட்டு வகுப்பு புதியவருக்கு. இதைத் தலைகீழாக்க ஹெச்.எம்.-க்குப் பேனா மட்டும் போதும்.

கடினமான வகுப்பைக் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள். புதியவருக்கு இரண்டு பாடவேளை குறையுங்கள். அவர் போய் உட்கார்ந்து பார்க்க ஒரு நல்ல வகுப்பைத் திறந்துவிடுங்கள். முதல் வருஷம் பழகியது ஓய்வுபெறும்வரை கூட வரும். கத்தி அடக்கப் பழகியவர் முப்பது வருஷம் கத்துவார்.

*மூத்த ஆசிரியர், நாகர்கோவில்*
கே: 28 வருஷ சர்வீஸ். இனிமேல் எனக்கு யார் என்ன சொல்லித்தரப் போகிறார்கள்?

ப: நீங்கள் சொல்லித்தாருங்கள். பவணந்தியாரின் அந்த அரைப் பங்கு உங்களுக்கு இன்னும் பாக்கி.

டென்னசி மாநிலத்தின் 14 பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. கேள்வி கேட்கும் திறனில் ஒருவர் பலசாலி, இன்னொருவர் அதில் தடுமாறுகிறார் என்றால் இருவரையும் தலைமையாசிரியர் ஜோடி சேர்ப்பார். ஒருவர் வகுப்பை ஒருவர் பார்ப்பார், பேசிக்கொள்வார்கள். ஜோடி சேர்த்த பள்ளிகளில் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது. வெளியிலிருந்து நிபுணர் வரவில்லை, பவர்பாயின்ட் இல்லை.

ராமநாதபுரத்தில் ஒருவர் 9 'ஈ'-யோடு தவிக்கிறார். உங்கள் பள்ளியிலும் அப்படி ஒருவர் இருப்பார். இன்றைக்கே டீ வாங்கிக்கொடுத்துப் பேச்சைத் தொடங்குங்கள்.

*தலைமையாசிரியை, ஈராசிரியர் பள்ளி, தருமபுரி*
கே: மொத்தமே இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்குப் போனால் இன்னொருவருக்கு ஐந்து வகுப்பு. இதில் தலைமை என்ன, வளர்ச்சி என்ன?

ப: உங்கள் கோபம் நியாயம். 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை எண்ணிக்கை பார்த்தது. ஐந்து வகுப்பு என்பதைப் பார்க்கவில்லை.

பள்ளிக்குள் கூடிப் பேச ஆள் இல்லையென்றால் பள்ளிகள்தான் கூடவேண்டும். கோத்தாரி கல்விக் குழு 1966-லேயே பள்ளித் தொகுப்பு என்று சொன்னது இதைத்தான்: பக்கத்துப் பள்ளிகள் ஆளையும் அறிவையும் பகிர்ந்துகொள்வது. உங்கள் குறுவள மையம் அந்த வம்சத்தில் வந்ததுதான். அடுத்த கூட்டத்தில் ஒரு கோரிக்கை வையுங்கள்: "இன்னைக்கு ஃபார்ம் வேண்டாம் சார். பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து நான் பாடம் எடுக்கிறேன். எல்லாரும் பார்த்துட்டுச் சொல்லுங்க."

பலவகுப்புக் கற்பித்தலில் உங்களைவிடப் பெரிய நிபுணர் அந்த அறையில் இருக்க மாட்டார்.

*ஆசிரியர், சென்னை*
கே: எமிஸ் தளத்தில் ஏற்று, போட்டோ அனுப்பு, படிவம் நிரப்பு. வளர எங்கே நேரம்?

ப: கல்வி உரிமைச் சட்டம் 27-ஆம் பிரிவைப் படியுங்கள். பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர, கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அமர்த்தக் கூடாது. பதிவேற்றம் 'கல்வி சார்ந்தது' என்று வாதிடுவார்கள். அந்த வாதத்தில் நீங்கள் ஜெயிப்பது கஷ்டம்.

ஜெயிக்கக்கூடிய இடம் ஹெச்.எம். அறை. மேலிருந்து பத்து விவரம் கேட்டால் ஏழு ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கும். அந்த ஏழைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டு மூன்றை மட்டும் ஆசிரியரிடம் கேட்கும் ஹெச்.எம். ஒரு பயிற்சிகூட நடத்தாமல் ஆசிரியரை வளர்க்கிறார்.

*கணித ஆசிரியை, ஈரோடு*
கே: ஜப்பானில் ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்ப்பார்களாமே, சண்டை வராதா?

ப: வரும். பாடத்தோடு வரும், ஆளோடு வராது.

ஜுகியோ கென்கியு என்று அவர்களின் வழக்கம். நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளையைப் பல வாரம் தயாரிப்பார்கள். பிள்ளைகளிடம் எந்தக் கணக்கை முதலில் கொடுப்பது, எந்தத் தப்பான விடை வரும், வந்தால் என்ன கேட்பது, கரும்பலகையில் எது எங்கே வரவேண்டும் என்பதுவரை பேசுவார்கள்.

ஒருவர் பாடம் எடுப்பார். மற்றவர்கள் சுவரோரம் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். கவனியுங்கள், ஆசிரியரை யாரும் பார்ப்பதில்லை. மூன்றாம் வரிசைப் பெண் எந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்தாள் என்று பார்க்கிறார்கள். பிறகு உட்கார்ந்து பேசித் திருத்தி, பெரும்பாலும் வேறு வகுப்பில் மறுபடி எடுப்பார்கள். பாடம் தோற்றால் தோற்றது எல்லாருடைய பாடம்.

19-ஆம் நூற்றாண்டின் மெய்ஜி காலத்தில் வேர்விட்ட பழக்கம். ஸ்டிக்லர், ஹீபர்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1999-ல் 'தி டீச்சிங் கேப்' எழுதிய பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது.

நம் ஊர் 'மாதிரி வகுப்பு' எப்படி இருக்கும்? இரண்டு நாள் ஒத்திகை நடந்திருக்கும், பிள்ளைகளுக்கு விடை மனப்பாடமாக இருக்கும், ஒரு தப்புகூட வராது. தப்பே வராத வகுப்பைப் பார்த்து எந்த ஆசிரியர் எதைக் கற்பார்?

*அதே ஈரோடு*
கே: கேட்க நன்றாக இருக்கிறது. நேரம்?

ப: சட்டத்திலேயே இருக்கிறது அம்மா. கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேர வேலை, தயாரிப்பு நேரமும் சேர்த்து. சட்டத்துக்குத் தயாரிப்பு என்பது வேலை. நம் கால அட்டவணைக்கு அது 'சும்மா இருக்கும் பீரியட்'. யாராவது லீவு போட்டால் முதலில் பறிபோவது அது.

வாரத்தில் ஒரு பாடவேளை மூன்று கணித ஆசிரியர்களுக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு வரட்டும். அந்த வேளையைப் பதிலி வகுப்புக்குத் தொட மாட்டேன் என்று ஹெச்.எம். வாக்குக் கொடுக்கட்டும். டைம் டேபிள் போடுகிறவருக்கு ஒருநாள் தலைவலி, அவ்வளவுதான்.

*ஆசிரியை, வவுனியா*
கே: எங்கட அதிபரிட்ட உதவி கேட்டால், "ஆசிரிய ஆலோசகர் வருவார், அவரைக் கேளுங்கோ" எண்டு சொல்றார்.

ப: ஆலோசகருக்கு வலயம் முழுக்கப் பாடசாலைகள். உங்கட அதிபருக்கு ஒரே பாடசாலை. எந்த முறையைச் செய்து பார்க்கலாம் எண்டு ஆலோசகர் சொல்லுவார். அதைச் செய்து பார்க்க நேரசூசியில் இடம் விடக்கூடியவர் அதிபர் ஒருவர்தான்.

அவரிட்ட அறிவுரை கேட்காதேங்கோ. ஒரு பாடவேளை கேளுங்கோ.

*ஆசிரியை, கரூர்*
கே: ஆன்லைன் பயிற்சி வீடியோவை ஓடவிட்டு, பக்கத்தில் சாம்பார் வைக்கிறேன். தப்பா?

ப: சாம்பார்மேல் தப்பில்லை. நிஷ்டா பயிற்சி 2019 ஆகஸ்டில் சுமார் 42 லட்சம் ஆசிரியர்களைக் குறிவைத்துத் தொடங்கியது. கொரோனா வந்ததும் தீக்ஷா தளத்துக்கு ஏறியது. 42 லட்சம் பேருக்குப் பொதுவாகப் பேசும் வீடியோவில் உங்கள் மூன்றாம் வகுப்பு பற்றி ஒரு வரி இருக்காது. அந்த வரியைச் சேர்ப்பது பள்ளியின் வேலை.

ஐந்து பேர் ஒரே அறையில் பாருங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஹெச்.எம். நிறுத்தட்டும்: "நம்ம பிள்ளைங்ககிட்ட இது நடக்குமா?" நடக்காது என்று ஒருவர் சொல்வார். ஏன் என்று இன்னொருவர் கேட்பார். அப்போது வீடியோவுக்கும் ஒரு பிரயோசனம் வரும்.

*அறக்கட்டளை நிர்வாகி, மதுரை*
கே: பணத்துக்குக் குறைவில்லை. நட்சத்திர ஓட்டலில் பெரிய பேச்சாளரை வைத்துப் பயிற்சி நடத்தலாமா?

ப: டி.என்.டி.பி. என்ற அமெரிக்க அமைப்பு மூன்று பெரிய பள்ளி மாவட்டங்களை ஆராய்ந்து 2015-ல் அறிக்கை தந்தது. ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 18,000 டாலர் செலவு. கண்ணுக்குத் தெரியும்படி முன்னேறியவர்கள் பத்துக்கு மூன்று பேர். அறிக்கைக்கு வைத்த தலைப்பு 'கானல் நீர்'.

அந்தப் பணத்தில் ஒரு பதிலி ஆசிரியரை நியமியுங்கள். அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ள, உங்கள் ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் போய்ப் பார்ப்பார்கள். ஓட்டல் பிரியாணி ஒருநாள். இது வருஷம் முழுக்க.

*அதே நிர்வாகி*
கே: இப்படிப் பக்கத்தில் இருந்து சொல்லித்தருவதற்குப் புள்ளிவிவரம் உண்டா?

ப: 60 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு 2018-ல் வந்தது. ஆசிரியரின் கற்பித்தல் நன்றாகவே மேம்படுகிறது, பிள்ளைகளின் மதிப்பெண்ணும் உயர்கிறது. ஒரு எச்சரிக்கையும் உண்டு: நூறு ஆசிரியர்களுக்குள் நடக்கும் திட்டத்தில் பலன் பெரிது, அதைத் தாண்டினால் சுருங்குகிறது.

உங்கள் பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள்? நூறுக்குள்தானே? கடவுள் கொடுத்த அளவு. தொடங்குங்கள்.

*தனியார் பள்ளித் தாளாளர், நாமக்கல்*
கே: பயிற்சி கொடுத்து ஆளாக்கினால் வேறு பள்ளிக்கு ஓடிவிடுகிறார்களே!

ப: ஓடவைப்பது சம்பளம். பயிற்சி, ஓடுகிற வேகத்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கும்.

*ஆசிரியை, கடலூர்*
கே: சனிக்கிழமை பயிற்சி. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. மையத்துக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். போகாவிட்டால் "ஆர்வம் இல்லை" என்கிறார்கள்.

ப: ஆர்வத்துக்கும் பஸ் ரூட்டுக்கும் சம்பந்தம் இல்லை. வளர்ச்சியும் வேலைதான் என்றால் அது வேலைநேரத்தில் நடக்கவேண்டும். ஆசிரியைகளின் விடுமுறையை எடுத்துக்கொண்டு அவர்கள் முகம் வாடியிருக்கிறது என்று குறைசொல்வது அநியாயம்.

தவிர்க்க முடியாத சனிக்கிழமை என்றால், ஈடுசெய் விடுப்பை ஆசிரியை கேட்குமுன் எழுதிக் கொடுக்கும் ஹெச்.எம். வேண்டும்.

*கல்வியியல் மாணவர், சென்னை*
கே: தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்சி வகுப்பறையை உண்மையிலேயே மாற்றிய கதை ஏதாவது?

ப: உண்டு. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள், 2003. ஆணையர் எம்.பி.விஜயகுமார் தன் ஆசிரியர்களை ஆந்திராவின் ரிஷிவேலிக்கு அனுப்பினார். அங்கே கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் அட்டைகளை எடுத்து அவரவர் வேகத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர்கள் உரை கேட்கவில்லை, ஓடுகிற வகுப்பைப் பார்த்தார்கள். திரும்பி வந்து தங்கள் பிள்ளைகளுக்கான அட்டைகளை உருவாக்குவதில் அவர்களே இறங்கினார்கள். செயல்வழிக் கற்றல் பிறந்தது அப்படி.

பிறகு 2007-08 வாக்கில் அது மாநிலம் முழுக்க ஆணையாகப் போனது. கண்ணால் பார்த்தவர் நம்பிச் செய்தார். ஆணையில் படித்தவர் பயந்து செய்தார். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் சென்னைக்கும் ரிஷிவேலிக்கும் உள்ளதைவிட அதிகம்.

*தலைமையாசிரியர், திருப்பூர்*
கே: ஆசிரியரைப் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொன்னால் அன்றைய பாடம் கெடுமே?

ப: கெடும். தொடக்க வகுப்புக்குச் சட்டப்படி 200 வேலைநாள். 199-க்காக ஒன்றைக் கொடுங்கள்.

*பெயர் வேண்டாம் என்ற ஆசிரியர், சேலம்*
கே: வாராவாரம் பாடக்குறிப்பேட்டில் ஹெச்.எம். கையெழுத்து. அவர் படிக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்? ஹெச்.எம்.-இடம் நானே சொல்கிறேன். முப்பது குறிப்பேட்டில் முப்பது கையெழுத்து வேண்டாம். வாரம் மூன்றை எடுத்து ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: "இதற்குப் பிள்ளைகள் தப்பாகப் பதில் சொன்னால் என்ன செய்வதாக இருக்கிறீர்கள்?"

மறுவாரம் உங்கள் ஆசிரியர் அந்தப் பக்கத்தை முதலில் திருப்பிப் பார்ப்பார். குறிப்பேட்டுக்கு உயிர் வந்துவிடும்.

*ஆங்கில ஆசிரியர், புதுக்கோட்டை*
கே: குழுச் செயல்பாடு முயன்றேன். ஒரே சத்தம். ஹெச்.எம். வாசலில் நின்று முறைத்துவிட்டுப் போனார்.

ப: அந்த முறைப்பில் உங்கள் பள்ளியின் குழுச் செயல்பாடு காலமானது. அவர் உள்ளே வந்து எந்தக் குழுவின் சத்தம் பாடத்தைப் பற்றியது, எது கிரிக்கெட்டைப் பற்றியது என்று கேட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

மறுபடி செய்யுங்கள். இந்தத் தடவை அவரையும் ஒரு குழுவில் உட்காரக் கூப்பிடுங்கள்.

*ஆசிரியர், வேலூர்*
கே: 52 வயதில் டெட் தகுதித் தேர்வு எழுதவேண்டுமாம். இதுவும் வளர்ச்சியா?

ப: உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று சொன்னது: ஓய்வுபெற ஐந்தாண்டுக்குமேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் தேறவேண்டும். அந்தத் தேர்வு கற்பிக்கும் திறனை அளக்கிறதா என்பது பெரிய விவாதம். தூக்கம் கெட்டிருப்பவரிடம் விவாதம் உதவாது.

ஹெச்.எம். செய்யக்கூடியவை இரண்டு. ஆசிரியர் அறையில் கேலியை நிறுத்துவது. மாலையில் ஒரு மணி நேரம் படிப்பு வட்டம் தொடங்குவது: உளவியல் தெரிந்த இளையவர் உளவியல் சொல்லட்டும், இலக்கணம் தெரிந்த நீங்கள் இலக்கணம் சொல்லுங்கள். அந்த அறையில் ஒரு நல்ல பழக்கம் தொற்றினால் தேர்வு முடிந்தும் வட்டத்தைக் கலைக்காதீர்கள்.

*வாசகர், காரைக்குடி*
கே: என் மகள் சிங்கப்பூரில் தமிழாசிரியை. அங்கே தலைமையாசிரியர் ஆகாமலே பதவி உயரலாமாமே?

ப: உயரலாம். தலைமைப் பொறுப்புக்கு ஒரு தடம், துறை வல்லுநருக்கு ஒரு தடம், கற்பித்தலுக்கென்றே ஒரு தடம். மூத்த ஆசிரியராகி, மாஸ்டர் டீச்சர்வரை, அதற்கு மேலும், கற்பித்தலை விடாமல் ஏறலாம். தமிழாசிரியர்கள் கூடிக் கற்க உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் இருக்கிறது.

இங்கே நல்ல ஆசிரியரைக் கௌரவிக்க நமக்குத் தெரிந்த ஒரே வழி, அவரைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து அலுவலக நாற்காலியில் உட்காரவைப்பது.

*ஆசிரியை, திருவாரூர்*
கே: செப்டம்பர் 5-ல் சால்வை போடுகிறார்கள். போதுமா?

ப: 1962-லிருந்து போடுகிறோம், போடட்டும். ஆனால் "ரொம்ப நல்லா பண்றீங்க" என்ற பாராட்டை வைத்துக்கொண்டு நாளைக்கு எதைத் திரும்பச் செய்வது? "எழுந்து நிற்கவே கூச்சப்படுற பையன் நேத்து சத்தமா வாசிச்சானே, என்ன பண்ணீங்க டீச்சர்?" என்று கேட்கவேண்டும். பதில் சொல்லும்போது உங்களுக்கே உங்கள் வித்தை தெரியவரும். சால்வை அதைச் செய்யாது.

*தலைமையாசிரியர், கிருஷ்ணகிரி*
கே: சி.இ.ஓ. கூட்டத்தில் கேட்பதெல்லாம் தேர்ச்சி சதவீதம். நான் வேறு எதைக் கேட்பது?

ப: "ஏன் 82?" என்று கேட்டால் ஆசிரியர் மினிமம் மெட்டீரியல் அடித்துக் கொடுத்து 90 ஆக்குவார். வளர்ந்தது ஜெராக்ஸ் கடை. "எந்தப் பாடம் பிள்ளைகளுக்குப் புரிய மாட்டேன் என்கிறது? உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டால் ஆசிரியர் வளர்வார்.

மேலே கேட்டதை அப்படியே கீழே கடத்துபவர் போஸ்ட்மேன். மாற்றிக் கேட்பவர் தலைமையாசிரியர்.

*வரலாற்று ஆசிரியர், காஞ்சிபுரம்*
கே: ஆசிரியரே ஆசிரியருக்குச் சொல்லித்தருவது இறக்குமதிச் சரக்குதானே?

ப: ஏற்றுமதிச் சரக்கு! தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும் வழக்கம் நம் திண்ணைப் பள்ளிகளில் இருந்தது, சட்டாம்பிள்ளையை மறந்துவிட்டீர்களா? ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னை எழும்பூரின் ஆண்கள் அநாதை இல்லத்தில் அப்படியொரு முறையை நடத்திப் பார்த்து, 1797-ல் லண்டனில் அச்சிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

இருநூறு வருஷத்துக்கு முன்பே பிள்ளைகளை நம்பிக் கொடுத்த வேலையை ஆசிரியர்களை நம்பிக் கொடுக்கச் சொல்கிறேன்.

*புதிய தலைமையாசிரியை, திருநெல்வேலி*
கே: சீனியாரிட்டியில் ஹெச்.எம். ஆகிவிட்டேன். ஹெச்.எம். வேலையை யாரும் சொல்லித்தரவில்லை. எங்கே தொடங்குவது?

ப: துறையின் பெரிய ஓட்டை இது, உங்கள் குறை இல்லை. சாவியும் கேஷ் புக்கும் ஒப்படைக்கிறார்கள், ஆசிரியர்களை எப்படி வளர்ப்பது என்று ஒரு தாளும் ஒப்படைப்பதில்லை.

வாரம் ஒரு வகுப்பாவது நீங்களே எடுங்கள். அதைப் பார்க்க ஆசிரியர்களைக் கூப்பிடுங்கள். முடிந்ததும் "எந்த இடத்துல பிள்ளைங்க என்னைவிட்டுப் போனாங்க?" என்று கேளுங்கள். முதல் தடவை எல்லாரும் "சூப்பர் மேடம்" என்பார்கள். இரண்டாம் தடவை மௌனம். மூன்றாம் தடவை யாராவது ஒரு ஜூனியர் தயங்கித் தயங்கி உண்மையைச் சொல்வார். நன்றி சொல்லிவிட்டு, அடுத்த வாரம் அதைத் திருத்தி எடுத்துக்காட்டுங்கள்.

பொறுப்பேற்ற தேதி என்று அன்றைய தேதியை எழுதிக்கொள்ளுங்கள்.

*எட்டாம் வகுப்பு மாணவன், சிவகங்கை*
கே: எங்க சார் பயிற்சிக்குப் போனா எங்களுக்கு ஜாலி. அங்க அவர் என்னதான் படிக்கிறார்?

ப: திரும்பி வந்ததும் அவரையே கேளேன் தம்பி: "சார், நேத்து நீங்க என்ன படிச்சீங்க?" அவர் சிரித்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்தால் நல்ல சார். திணறினால் எனக்கு ஒரு கார்டு போடு. உங்கள் ஹெச்.எம்.-க்கு நான் எழுதிக்கொள்கிறேன்.